மீனுக்கு எத்தனை டி.எம்.சி.?

(தஞ்சாவூரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'பருவநிலை மாற்றத்தில் மீன்களும் காட்டுயிர்களும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டவுடன் உருகும் பனிப்பாறையும் அதன்மேல் நிற்கும் பனிக்கரடியும் உங்கள் மனதில் வந்தால் அது உங்கள் குற்றமில்லை. பாடப்புத்தகங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. நான் பேசப்போவது ஜூன் 12ஆம் தேதியைப் பற்றி.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12 அன்று திறப்பது, ஜனவரி 28 அன்று மூடுவது என்பது வழக்கம். அண்மை ஆண்டுகளில் டெல்டா பாசனத்துக்குத் திறந்த தேதிகளைச் சொல்கிறேன். 2012இல் செப்டம்பர் 17. 2013இல் ஆகஸ்ட் 2. 2014இல் ஆகஸ்ட் 15. 2016இல் செப்டம்பர் 20. 2017இல் அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று. 2018இல் ஜூலை 19. 2019இல் ஆகஸ்ட் 13. 2020, 2021இல் தேதி தவறாமல் ஜூன் 12. 2022இல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். 2024இல் மறுபடியும் தள்ளிப்போய் ஜூலை 28.

இதற்கெல்லாம் பருவநிலை மாற்றம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மேலே இருக்கும் அணைகள், மாநிலங்களுக்கு இடையிலான வழக்கு, அரசியல் எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. ஆனால் குடகிலும் வயநாட்டிலும் மழை ஒரு வருடம் பொய்ப்பதும் மறு வருடம் நாலு நாளில் கொட்டித் தீர்ப்பதும் இந்தத் தேதிகளுக்குப் பின்னால் இருக்கிறது. சூடேறும் உலகத்தில் பருவமழை எப்படி நடந்துகொள்ளும் என்று அறிவியல் சொல்கிறதோ அதே திசையில்தான் இது போகிறது: மழையற்ற நாட்கள் கூடும், பெய்தால் பேய்மழையாகப் பெய்யும்.

தேதி தள்ளினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குறுவை போச்சு. சம்பாவும் தள்ளிப்போய் வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். இதைப் பற்றி மேடைகளில் பேசுகிறோம், மறியல் செய்கிறோம், நிவாரணம் கேட்கிறோம். நியாயம்தான். அதே தண்ணீருக்காக ஆற்றின் மடுவிலும் ஊர்க்குளத்துச் சேற்றிலும் காத்திருக்கும் இன்னொரு கூட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதற்கு மறியல் செய்யத் தெரியாது.

புதுத்தண்ணீர் வாய்க்காலில் இறங்கும் முதல் சில இரவுகளில் மதகடியில் நின்று பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். தண்ணீர் கலங்கலாக, செம்மண் நிறத்தில், செத்தையும் சருகும் நுரையுமாக வரும். அதை எதிர்த்து மீன் ஏறும். கெளுத்தி ஏறும், ஆரால் ஏறும், கெண்டை வகைகள் கூட்டமாக ஏறும். குறவையும் விராலும் மடையில் முட்டி, விழுந்து, மறுபடி முட்டும். பனையேறிக் கெண்டை செவுள் மூடியை ஊன்றி ஈரத்தரையிலேயே நகர்ந்து வரப்பைக் கடந்துவிடும். அந்தக் காலத்தில் பறியையோ தூரியையோ மடையில் வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் குழம்புக்கு ஆகும். இந்த ஓட்டம் இரை தேடிப் போகும் ஓட்டம் அல்ல. முட்டையிட இடம் தேடிப் போகும் ஓட்டம்.

ஆற்று நடுவில் முட்டையிட்டால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் ஓரம் வேண்டும், ஆழமில்லாத தண்ணீர் வேண்டும், புல்லும் கோரையும் வேண்டும். நம் நெல்வயல் இவை எல்லாவற்றையும் தருகிறது. விராலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடி சேர்ந்த விரால்கள் வயலோரக் குட்டையிலோ வாய்க்கால் ஓரத்திலோ பாசியையும் செடியையும் ஒதுக்கி வட்டமாக ஓர் இடம் செய்துகொள்ளும். முட்டைகள் மிதக்கும். பொன்னிறத்தில், நீர்ப்பரப்பின்மேல் ஒரு மெல்லிய படலம் போலத் தெரியும். ஓரிரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் செக்கச்செவேலென்று பந்தாகத் திரண்டு திரியும். திடீரென்று பந்து முழுவதும் மேலே வந்து ஒரு கொதிப்பு கொதித்துவிட்டுக் கீழே இறங்கும். அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். கை வைத்தால் பாயும். அந்தக் காவல்காரனைக் குறிவைத்துக் குத்துகிற ஆட்களும் நம் ஊரில் உண்டு. ஒன்றைக் குத்தினால் அந்தப் பந்து முழுவதும் கெளுத்திக்கும் கொக்குக்கும் போய்விடும்.

இந்தக் குஞ்சு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் அளவு வளரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தண்ணீர் நிற்கவேண்டும். நின்றால் போதும், நிறையவேண்டும் என்பதுகூட இல்லை. ஆற்றில் நீர் குறைந்து முறை வைத்து விடும்போது, மதகை ஒரே இறக்காக இறக்குகிறோம். வாய்க்கால் ஒரு பகலில் வடிந்து, பள்ளங்களில் குஞ்சுகள் சிக்கிக்கொள்கின்றன. பயிர் ஆறு நாள் தாங்கும். குஞ்சு தாங்காது.

இப்போது வெயிலுக்கு வருவோம். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் பெரும்பாலான மீன்கள் சுவாசிக்கின்றன. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரை. 35 டிகிரியில் ஏழுக்கும் கீழே. இது அதிகபட்ச அளவு. பாசி பிடித்த குட்டையில் விடியற்காலையில் இதில் பாதிகூட இருக்காது. இன்னொரு பக்கம், மீன் குளிர்ரத்தப் பிராணி. தண்ணீர் 10 டிகிரி சூடேறினால் அதன் உடல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜன் கேட்கும். வரவு குறையும்போது செலவு கூடுகிறது. கோடையில் விடிகாலையில் குளத்து மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது இதனால்தான்.

எல்லா மீனுக்கும் ஒரே மாதிரி பாதிப்பு இல்லை. விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை இவையெல்லாம் காற்றை நேரடியாகச் சுவாசிக்கக் கூடியவை. விராலை மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே அடைத்துவைத்தால் மூச்சுத்திணறிச் செத்துவிடும். இவை சேற்றில் கிடந்து தப்பிக்கும். தப்பமுடியாதவை ஓடும் நீரை நம்பிய மீன்கள். காவிரியின் வெண்கெண்டை, சேல்கெண்டை வகைகள், பெரிய வாளை. வாளையை உலக அளவிலேயே அழியும் வாய்ப்புள்ள இனம் என்று ஐ.யூ.சி.என். பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மேலே, மலைப்பகுதிக் காவிரியில், 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய ஆரஞ்சு நிறத் துடுப்புக் கொண்ட திமில் மஹ்சீர் இருக்கிறது. உலகத்தில் காவிரியையும் அதன் துணையாறுகளையும் தவிர வேறெங்கும் இல்லை. 2018இல்தான் அதன் விஞ்ஞானப் பெயரையே உறுதி செய்தார்கள். அதே ஆண்டில் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம் என்ற பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். பெயர் சூட்டு விழாவும் அபாய அறிவிப்பும் ஒரே நேரத்தில்.

இடம் காலியாக இருந்தால் யாராவது வந்து உட்காருவார்கள். 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி கெண்டை முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றுகிறது. அதற்கு ஓரமும் வேண்டாம், புல்லும் வேண்டாம், ஜூன் 12ஆம் தேதியும் வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000இலேயே தடைசெய்தது. தடை இருக்கிறது, கெளுத்தியும் இருக்கிறது. காற்றைச் சுவாசிக்கும், எதையும் தின்னும், சாக்கடையிலும் வாழும். அழகுக்காகத் தொட்டியில் வளர்த்த 'டேங்க் கிளீனர்' மீனையும் பெரிதானதும் ஆற்றில் விட்டுவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்கிறார்கள். வெப்பமும் அழுக்கும் கூடக்கூட இவைகளுக்கே காலம். ஆகவே மீன்பிடிப்பின் எடையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தெரியும். மார்க்கெட்டில் கூடை நிறைந்திருக்கிறது. கூடையில் இருப்பது எந்த மீன் என்பதுதான் என் கேள்வி.

"சார், குளத்தில் நாங்கள் கட்லாவும் ரோகுவும் விட்டு ஏலம் விடுகிறோமே, அதுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கேட்பீர்கள். ஆகாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். நீலப்புரட்சியின் தொடக்கம் அது. அந்த நாளையே மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று முதல் பண்ணை மீனுக்கு வெள்ளம் தேவையில்லை, ஊசி போதும். மேற்கு வங்கத்துக் குஞ்சு பொரிப்பகங்களில், முன்பு மழைக்காலத்தில் மட்டும் சினையாகிய கெண்டைகள், வெப்பம் கூடியதால் மார்ச் மாதத்திலேயே தயாராகிவிடுகின்றன என்று பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கண்டார்கள். பண்ணைக்காரருக்கு அது லாபம். காட்டு மீனுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சூடு அதன் உடலை முன்கூட்டியே தயார் செய்கிறது. தண்ணீரோ பிந்தி வருகிறது. சினையோடு மடுவில் காத்திருந்து, காத்திருந்து, முட்டை உடலுக்குள்ளேயே கரைந்துபோகும்.

கட்லாவும் ரோகுவும் காவிரியின் சொந்த மீன்கள் அல்ல, வடக்கேயிருந்து நாம் கொண்டுவந்தவை. இதை மாணவர்கள் குறித்துக்கொள்ளவும். தேர்வில் வராது.

காவிரிக்குச் சொந்தமாக இருந்து போய்விட்ட ஒன்றைச் சொல்கிறேன். உல்லம். வங்காளிகள் உயிரை விடுகிறார்களே, இலிஷ், ஹில்சா, அதே மீன். கடலில் வாழும். வெள்ளம் வரும்போது நன்னீர் தேடி ஆற்றில் ஏறி முட்டையிடும். பத்மாவுக்கும் கங்கைக்கும் மட்டும் உரிய மீன் அல்ல. கொள்ளிடத்திலும் காவிரியிலும் ஏறிக்கொண்டிருந்த மீன் அது.

ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டினார். டெல்டாவுக்குச் சோறு போட்ட மனிதர். கோதாவரிக் கரையில் இன்றும் அவருக்கு மாலை போடுகிறார்கள். 1867இல் இதே காட்டன் லண்டனில் இந்தியா மந்திரிக்கு ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டி எழுதினார். சென்னை மாகாணத்தின் பெரிய ஆறுகளில் கட்டிய அணைக்கட்டுகளால் கரையோர மீன்வளம் கெட்டுப்போயிருக்கலாம், விசாரியுங்கள் என்று. தன் கட்டுமானத்தின் பக்கவிளைவை விசாரிக்கச் சொல்லி ஒரு பொறியாளரே எழுதுவது அன்றைக்கும் அபூர்வம், இன்றைக்கும் அபூர்வம். அந்த விசாரணை சென்னை மருத்துவப் பணியில் இருந்த டாக்டர் பிரான்சிஸ் டே கைக்கு வந்தது. அவர் ஆறு ஆறாகப் போய்ப் பார்த்தார். 1873இல் நன்னீர் மீன்கள் பற்றிய அறிக்கை வந்தது. அணைக்கட்டில் மீன் ஏறுவதற்கு வழி விடவேண்டும் என்பது அவர் வாதம். பின்னாளில் இந்திய மீன்கள் பற்றி அவர் எழுதிய பெரும் நூலை இன்றும் நாங்கள் புரட்டுகிறோம்.

பிறகு என்ன நடந்தது? 1907இல் தொடங்கிய சென்னை மாகாண மீன்துறை, அதன் ஆரம்ப நாட்களிலேயே கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்கவைத்துப் பார்த்தது. மீன் ஏணியும் பேசப்பட்டது. சால்மன் மீனுக்காக ஐரோப்பாவில் செய்த ஏணி அது. சால்மன் தாவும், உல்லம் தாவாது. 1934இல் மேட்டூர் வந்தது. அதன் பிறகு ஆற்று வெள்ளத்தின் அளவும் நேரமும் மனிதன் கைக்குப் போயின. காவிரியில் உல்லம் தொழிலாகப் பிடிக்கும் அளவில் இல்லாமல் போயிற்று. 1975இல் பராக்கா அணைக்குப் பின் கங்கையில் அலகாபாத் பக்கம் நடந்ததும் இதேதான். நமக்கு நாற்பது வருடம் முன்பே நடந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். வங்காளத்தில் அதைப் பற்றி ஒரு துக்கம் இருக்கிறது. இங்கே மறந்தே போய்விட்டோம்.

இதை நான் ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், பருவநிலை மாற்றம் வந்து நம் மீன்களைத் தொடும் முன்பே, அவற்றின் காலண்டரை நாம் ஒருமுறை கிழித்திருக்கிறோம். விலாங்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. உல்லத்துக்கு நேர் எதிர். ஆற்றில் வளர்ந்து கடலுக்குப் போய் முட்டையிடும். அதன் குஞ்சு கடலிலிருந்து ஆற்றுக்குள் வரவேண்டும். முகத்துவாரத்தில் நன்னீர் இறங்காவிட்டால் அதற்கு வழி தெரியாது. 1980களின் தொடக்கத்தில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் கே.சி. ஜெயராமும் அவர் தோழர்களும் காவிரி அமைப்பு முழுவதையும் ஆய்ந்து மீன் பட்டியல் தயாரித்தார்கள். அதன்பின் அதே ஆழத்தில், அதே இடங்களில், பருவம் தவறாமல் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் ஆய்வுதான் இன்று நமக்கு வேண்டியது. ஒருமுறை பட்டியல் போட்டுவிட்டுப் பட்டம் வாங்குவது ஆராய்ச்சியில் சேர்த்தி இல்லை. மாணவர்களின் நெறியாளர்கள் யாராவது இங்கே இருந்தால் மன்னிக்கவும்.

மீனைத் தின்று வாழ்பவற்றைப் பற்றிச் சொல்லாமல் காட்டுயிர் என்ற தலைப்புக்கு நியாயம் செய்யமுடியாது. காடே இல்லாத தஞ்சாவூரில் காட்டுயிரா என்று கேட்பவர்கள் ஒருநாள் அணைக்கரைக்குப் போகவேண்டும். கொள்ளிடத்தில் முதலை இருக்கிறது, எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. கோடையில் ஆறு வற்றி நாலைந்து மடுக்கள்தான் மிஞ்சும்போது, மீனும் அங்கே, முதலையும் அங்கே, துணி துவைக்கவும் மாடு குளிப்பாட்டவும் நாமும் அங்கே. ஆழமான மடு இருந்தவரை ஒருவருக்கொருவர் தொந்தரவில்லை. மணல் அள்ளி ஆற்றின் உடம்பையே மாற்றிவிட்ட பிறகு நெருக்கடி வராமல் என்ன செய்யும்?

நீர்நாயும் இந்த நாட்டுப் பிராணிதான். கோரை அடர்ந்த வாய்க்கால்கரைகளிலும் அலையாத்திக் காட்டு ஓரங்களிலும் குடும்பமாக வாழும். 2019இல் சர்வதேச வணிகத்தை முற்றிலும் தடுக்கும் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். ஆனால் நம் ஊரில் நீர்நாய்க்கு ஆபத்து வணிகத்தால் மட்டும் வருவதில்லை. அது தின்ன மீன் வேண்டும், குட்டி போட மண்கரையில் வளை வேண்டும். மண்கரையைச் சிமெண்டுக்கரை ஆக்கிவிட்டால் வளை எங்கே தோண்டும்?

பறவைகளைச் சொல்லவே வேண்டாம். வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரம் ஏரியும் 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. அரியலூர் கரைவெட்டி 2024இல். இவை இயற்கை ஏரிகள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இவை பாசன ஏரிகள். கால்வாயில் தண்ணீர் வந்தால் ஏரி, வராவிட்டால் மைதானம். கூழைக்கடாவுக்கு மீன் வேண்டும், நத்தைகுத்தி நாரைக்கு வயல் நத்தை வேண்டும். இரண்டும் புதுத்தண்ணீருக்குப் பின் பெருக அவகாசம் வேண்டும். தண்ணீர் அக்டோபரில் வந்தால் பறவை வந்து சேரும்போது சாப்பாடு இன்னும் முட்டையிலேயே இருக்கும். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் விலங்கியல் ஆய்வாளர்கள் பிச்சாவரத்து நீர்ப்பறவைகளை வெறுமனே எண்ணாமல் அங்குள்ள சேற்றின், நீரின் தன்மையோடு சேர்த்து ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார்கள். பெரிய நகரம் எதுவும் இல்லாத இடத்துக் கல்லூரி ஒன்று உலகத்தரமான பறவையியல் இதழில் எழுதியது. இந்த மண்ணில் அது நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு என்பதையே தஞ்சாவூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். 2022 செப்டம்பர் 21 அன்று தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல்பசு காப்பகமாக அரசு அறிவித்தது. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடற்புல்லைத் தின்று வாழும். வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விட்ட மீனவர்கள் நம் கரையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன் நானெல்லாம் மேடையில் நின்று பாதுகாப்பு பற்றிப் பேசுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

கடல் மீன்களின் காலண்டரும் மாறுகிறது. மேற்குக் கரையில், கேரளத்துப் பக்கமே அதிகம் கிடைத்துக்கொண்டிருந்த மத்திச் சாளை 1980களின் பிற்பகுதியிலிருந்து நம் கிழக்குக் கரையிலும் தொழிலாகப் பிடிக்கும் அளவுக்கு வந்தது. சென்னைக் கடலில் சங்கரா வகை மீன்கள் சில, முன்பு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அதிகம் முட்டையிட்டவை, இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் குளிர்ச்சியான அக்டோபர்–மார்ச்சுக்கு நகர்ந்துவிட்டன என்று மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வு சொல்கிறது. நம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடை ஓர் இடத்தில் நிற்கிறது, மீன் வேறிடம் போய்க்கொண்டிருக்கிறது. தடையை எடுத்துவிடச் சொல்லவில்லை. எத்தனையோ மீனுக்கு அது இன்னும் சரியான காலம்தான். எந்த மீனுக்குச் சரி, எந்த மீனுக்கு இல்லை என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்கிறேன்.

சரி, பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் 10 கோடி டாலர் கடன் கொடுத்தது. வெண்ணாறு உபவடிநிலத்தில் கரை பலப்படுத்தல், ரெகுலேட்டர் கட்டுதல், ஆறுகளைச் சீரமைத்தல் எல்லாம் நடந்தன. திட்டத்தின் பெயரிலேயே பருவநிலை இருக்கிறது. கல்லணைக் கால்வாயில் தரையில் கான்கிரீட் போட வந்தபோது விவசாயிகள் தடுத்தார்கள். நிலத்தடி நீர் ஊறாது என்பது அவர்கள் கட்சி. நான் அந்தக் கட்சியில் மீனையும் சேர்க்கிறேன். வழவழப்பான வாய்க்காலில் தண்ணீர் வேகமாகப் போகும், கடைமடைக்குச் சேரும், உண்மைதான். அந்த வேகத்தை எதிர்த்து ஒதுங்கி நிற்க ஓர் இடுக்கு, ஒரு வேர், ஒரு கோரைப்புதர் இல்லாமல் எந்தக் குஞ்சும் ஏறமுடியாது. இன்ன தூரத்துக்கு ஒன்று என்று மண்ணோரம் விடுங்கள் என்று ஒரு வரி, திட்ட வரைபடத்தில் ஒரே ஒரு வரி, இருந்திருக்கலாம்.

2018 ஒரு வருடம் போதும் பாடத்துக்கு. ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி இறங்கியது. 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் காட்டன் கட்டிய அணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. கொள்ளிடம் இருகரையும் தொட்டுக் கடலுக்குப் போனது. அதே வாரம் கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று சாலை மறியல். நவம்பர் 16 அன்று கஜா புயல். வெள்ளமும் வறட்சியும் புயலும் ஒரே மாவட்டத்தில், ஒரே பருவத்தில். அந்த இரண்டு லட்சம் கன அடியில் முட்டையிட ஓரம் தேடிய மீன் எங்கே போயிருக்கும்?

இப்போது என் தலைப்புக்கு வருகிறேன். மீனுக்கு எத்தனை டி.எம்.சி.? இதற்குச் சட்டப்படி பதில் இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு கொடுத்தது. மொத்த நீர் 740 டி.எம்.சி. என்று வைத்துப் பங்கு பிரித்தது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. கூட்டிப் பாருங்கள், 726 வரும். மீதி 14. அதில் 10 சுற்றுச்சூழலுக்கு. 4 தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் நம் பங்கை 404.25 ஆகக் குறைத்தது. ஊரே கொதித்தது. ஆனால் அந்தப் பத்தில் நீதிமன்றம் கைவைக்கவில்லை. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மாதாமாதம் வந்து சேரவேண்டிய தண்ணீரின் அட்டவணையில் பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டி.எம்.சி. கணக்கு சரியாக அந்தப் பத்தில் வந்து நிற்கிறது.

மாதம் 2.5 டி.எம்.சி. என்றால் விநாடிக்கு ஆயிரம் கன அடிக்குச் சற்றுக் குறைவு. பெரிய தண்ணீர் அல்ல. ஆனால் ஆற்றின் மடுக்களை உயிரோடு வைத்திருக்க அது பெரிய தண்ணீர். அது வருகிற வருடங்களில் மேட்டூரில் மற்றத் தண்ணீரோடு கலந்துவிடுகிறது. கோடையில் குடிநீருக்குத் திறக்கிறார்கள், அதை யாரும் குறைசொல்ல முடியாது. கல்லணைக்குக் கீழே ஏப்ரலில் போய்ப் பாருங்கள், மணல்தான். பிலிகுண்டுலுவில் அளக்கிறோம். சுற்றுச்சூழலுக்கு என்று வந்தது சுற்றுச்சூழலுக்குப் போனதா என்று திருவையாற்றிலோ அணைக்கரையிலோ அளப்பதில்லை. 

நாளிதழ்களில் 'வீணாகக் கடலில் கலக்கும் நீர்' என்று எழுதாத வருடம் இல்லை. முத்துப்பேட்டைக் காயலுக்குப் பாமணியாறும் கோரையாறும் இறங்காவிட்டால் கோடையில் அங்கே உப்பு கடலைவிட ஏறிவிடும். மடவையும் கொடுவாவும் அங்கே குஞ்சாக வளர்ந்துதான் உங்கள் தட்டுக்கு வருகின்றன. அந்த 4 டி.எம்.சி.யை நடுவர் மன்றம் ஏதோ தவிர்க்க முடியாமல் ஒதுக்கியது. நாமாவது மனமுவந்து ஒதுக்குவோம்.

சாகுபடித் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட நான் கேட்கவில்லை. ஏற்கெனவே ஒதுக்கியதை உரியவருக்குக் கொடுங்கள் என்கிறேன். அதிலும் காலம் முக்கியம். கோடையில் மடுக்களுக்கு ஒரு பங்கு. பாசனத்துக்குத் திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளில், ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ சில நாட்களுக்கு ஒரு சிறு வெள்ளம். சினைமீன் ஏறுவதற்கு அது போதும். அணை திறந்த முதல் பத்து நாள் இரவுகளில் ரெகுலேட்டர் கதவுகளை அடியோடு அடைக்காமல் மீன் புகும் அளவு தூக்கிவைக்கலாம். இதற்குச் செலவு இல்லை, உத்தரவு போதும். அந்தப் பத்து நாள் மதகடியில் வலையும் பறியும் வைப்பதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுக்கலாம். கரண்ட் வைத்து மீன் பிடிப்பவனைப் பற்றி ஊர்க்கூட்டம்வரை போகவேண்டியதில்லை, நேராகப் போலீசுக்கே போகலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதி, முதல் விரால் குஞ்சுப் பந்தைப் பார்த்த தேதி, வாய்க்கால் வடிந்த தேதி. இந்த மூன்றையும் வருடாவருடம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்து ஊரில் பத்து வருடம் எழுதினால், பருவநிலை மாற்றம் காவிரி மீனை என்ன செய்கிறது என்பதற்கு இன்று எந்த ஆராய்ச்சி நிலையத்திடமும் இல்லாத சான்று உங்களிடம் இருக்கும்.

விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. உரம், பயிர்க்காப்பீடு, கொள்முதல் நிலையம் எல்லாம் கேட்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கிய 10 டி.எம்.சி.யில் இந்த வருடம் நம் மாவட்டத்து ஆற்றுக்கு எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.